பத்து சென்ட்டில் புதர்: எங்கே கை வைப்பது?

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வரும் கடிதங்களில் பாதி ஒரே பிரச்சினையைச் சொல்கின்றன. பல வருஷம் யாரும் கால் வைக்காத நிலம் கைக்கு வந்திருக்கிறது, காய்கறி போட ஆசை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவற்றில் சிலவற்றுக்கு மலைத்தோட்ட அனுபவம் உள்ளவர்களின் பதில்கள் இங்கே.

*

மாமனார் வைத்திருந்த 30 சென்ட் நிலம் எட்டு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. நல்ல சரிவு. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி, நடுவில் கிக்கியு புல், கீழ் ஓரத்தில் பெரணி. ஜேசிபி விட்டால் ஒரே நாளில் வேலை முடியும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, கோத்தகிரி

வேண்டாம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அனுமதியே கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். உங்கள் நிலத்தின் சத்து முழுக்க மேலே ஒரு சாண் கறுப்பு மண்ணில் இருக்கிறது. அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளுமாகக் களி. ஜேசிபி புதரோடு சேர்த்து அந்த ஒரு சாணையும் வழித்துக் கீழ் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போய்விடும். அடுத்த மழை மிச்சத்தையும் கொண்டுபோகும்.

முதலில் எல்லையைப் பாருங்கள். பட்டாவும் புல வரைபடமும் கையில் இருக்கட்டும். புதருக்குள் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெட்ட இறங்கினால் பக்கத்து வீட்டோடு தகராறுதான் முதல் விளைச்சல். கல் கிடைக்கவில்லை என்றால் சர்வேயருக்கு மனுப் போட்டு அளந்த பிறகே தொடங்குங்கள். நிலத்தில் மரம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 இங்கே நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டவோ வேரோடு பிடுங்கவோ கூடாது. சில்வர் ஓக்தானே என்று யாராவது சொன்னாலும் வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

அடுத்தது காலம். கோத்தகிரிப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அது ஓய்ந்து தை பிறந்ததும் இறங்கினால் பங்குனி வரை காய்ந்த நாட்கள் கிடைக்கும். சித்திரைக் கோடை மழைக்கு விதை போட்டுவிடலாம். குந்தா, கூடலூர்ப் பக்கம் என்றால் ஆனியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் பயிர் தரையை மூடியிருக்க வேண்டும். எந்தப் பக்கமானாலும் வெறும் மண் பெருமழையைப் பார்க்கக் கூடாது. அதனால் முதல் வருஷம் 30 சென்ட்டையும் திறக்காதீர்கள். ஐந்தாறு சென்ட் போதும், அதுவும் வீட்டுக்கு அருகே, தண்ணீர் எட்டும் இடத்தில். மிச்சத்தை முழங்கால் உயரத்தில் வெட்டி, வேரை அப்படியே விட்டுவிடுங்கள். கீழ் எல்லையில் ஆறடி அகலப் புதரைக் கத்தியே காட்டாமல் விடுங்கள். மேலிருந்து வரும் மண்ணை இப்போதைக்குத் தடுப்பது அதுதான்.

இனி ஒவ்வொரு செடியாக.

உண்ணிச்செடியைத் தரையோடு தரையாக வெட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படி வெட்டினால் இருந்த ஒரு தண்டு பத்தாகத் துளிர்க்கும், ஏனென்றால் துளிர்க்கும் பகுதி தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கிறது. கிளைகளை முதலில் கழித்து, பிடித்து இழுக்க வாகாக முழங்கால் உயரத் தண்டை மட்டும் விடுங்கள். அடிமரத்தைச் சுற்றி நாலு விரல் ஆழத்துக்கு மண்ணை ஒதுக்கினால் கழுத்து தெரியும். அதற்குக் கீழே, தரை மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், ஆணிவேரைக் குறுகிய கொத்தால் ஒரே வெட்டாக வெட்டி, செடியைத் தூக்கி வேர் வானத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். மண் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆழத்தில் இருக்கும் மிச்ச வேரைத் தோண்ட வேண்டாம், அது துளிர்க்காது, மக்கும்வரை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழம் கறுக்கும் முன் இதைச் செய்தால் விதை குறையும். ஏற்கெனவே விழுந்த விதை முளைக்காமல் இராது. பறவைகள் உட்காரும் மரத்தடியில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்து, விரல் உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். புதருக்குள் பழைய கல் கட்டு ஒளிந்திருக்கலாம். கட்டின் இடுக்கில் வேர் விட்ட உண்ணிச்செடியைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். அங்கே மட்டும் தண்டை வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கழித்துக்கொண்டிருந்தால் போதும்.

கிக்கியு புல்தான் உண்மையான எதிரி. ஒரு பிடி பிடுங்கிப் பாருங்கள். தரைக்கு மேலே பச்சைக் கொடி ஓடும், தரைக்குள் பென்சில் பருமனில் வெள்ளைத் தண்டு ஓடும். இரண்டிலும் விரற்கடை தூரத்துக்கு ஒரு கணு, கணுவுக்குக் கணு முளை. பவர் டில்லர் விட்டால் ஒரு தண்டு இருபது துண்டாகி இருபது செடியாகும். ‘உழுதேன், முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது’ என்று வரும் புலம்பலுக்கு இதுதான் காரணம். புல்லைக் கட்டையாக அறுத்துவிட்டு, மண் புட்டு மாதிரி உதிரும் ஈரத்தில் இருக்கும்போது நான்கு பல் உள்ள ஃபோர்க்கால் ஓரடிக்கு ஓரடியாகக் கிளப்புங்கள். மண்வெட்டி வேண்டாம், அதுவும் துண்டுதான் போடும். கட்டியைத் தூக்கி உதறி, வெள்ளைத் தண்டை முழுசாக உருவுங்கள். பெரும்பாலும் அரையடிக்குள் இருக்கும், பொலபொலப்பான மண்ணில் ஓரடிக்கும் கீழே போகும். உருவியதைப் பாறை மேலோ தார்ப்பாய் மேலோ பரப்பினால் தை மாத வெயிலுக்குச் சருகாகும். மூட்டமான நாளில் குவித்து வைத்தால் குவியலே பச்சை பிடிக்கும்.

உடம்பு ஒத்துழைக்காது என்றால் இன்னொரு வழி, வெளிச்சத்தை மறைப்பது. அறுத்த புல்லின் மேல் கறுப்பு சில்பாலின் தார்ப்பாயை விரித்து, ஓரங்களைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்து ஆறு மாதம் விடுங்கள். சமவெளியில் சொல்லும் கண்ணாடிபோன்ற பாலித்தீன் சூரிய வெப்ப முறை நம் குளிருக்குச் சரிவராது. உள்ளே வெப்பம் ஏறாது, புல் பசுமைக் குடிலில் வளர்வதுபோல் வளரும். எந்த வழியில் எடுத்தாலும் பக்கத்து நிலத்துப் புல் திரும்ப நுழையும். எல்லை ஓரமாக மண்வெட்டி அகலத்தில் ஓரடி ஆழத்துக்கு ஒரு வெட்டு எடுத்து, மாதம் ஒரு முறை அதில் தலை நீட்டுவதை நறுக்கிவிடுங்கள்.

பெரணியைத் தோண்டாதீர்கள். அதன் கிழங்குத் தண்டு ஒன்றரையடி ஆழம்வரை போகும். இலை முழுசாக விரிந்த சமயம் பார்த்து வெட்டுங்கள், அப்போதுதான் கிழங்கில் இருந்த சத்தெல்லாம் மேலே வந்திருக்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று வெட்டு, இரண்டு மூன்று வருஷம் வெட்டினால் சோர்ந்துவிடும். மாட்டுக்குப் போடவே கூடாது, நஞ்சு. உண்ணி இலையும் அப்படித்தான்.

*

களைக்கொல்லி அடித்தால் இத்தனை பாடு எதற்கு?
– வாசகர், வில்பட்டி

2022-இல் மத்திய அரசு கிளைபோசேட் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே அடிக்கலாம், நாமே வாங்கித் தெளிப்பதற்கில்லை. அதை விடுங்கள். சரிவு நிலத்தில் வேர் மொத்தமும் ஒரே சமயத்தில் செத்தால் மண்ணைப் பிடிக்க ஆளில்லை. கீழே இருப்பது ஊர் குடிக்கும் ஓடை.

*

வெட்டிய புதர் மலைபோல் குவிந்திருக்கிறது. கொளுத்திவிட்டால் சாம்பலும் உரமாகும்தானே? நிலத்தில் சீகைக் கன்றுகளும் நிறைய.
– வாசகர், மன்னவனூர்

சீகை (வாட்டில் மரம்) இருக்கும் நிலத்தில் தீ வைப்பது விதைப்பதற்குச் சமம். சீகை விதைக்குக் கெட்டியான தோல். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் முளைக்காமல் காத்திருக்கும், சூடு பட்டால் தோல் வெடித்து மொத்தமாக முளைக்கும். ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் முள்புதரான கார்ஸும் இதே குணம்தான். மாசி, பங்குனியில் புல்வெளியும் சோலை ஓரமும் காய்ந்து கிடக்கும்போது ஒரு பொறி போதும், வனத்துறை வழக்கு உங்கள் பெயரில் இருக்கும். சாம்பலில் சாம்பல்சத்து மிஞ்சும் என்பது உண்மை. தழைச்சத்து புகையாகப் போய்விடும், தரையில் இருந்த மக்கும் எரியும்.

கட்டைவிரலை விடத் தடித்த கிளைகளைப் பிரித்து அடுப்புக்கு வையுங்கள். மெல்லிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, இரண்டு வரிசை முளைக்குச்சிகளுக்கு நடுவில் அடைத்துத் தடுப்பாகப் போடுங்கள். ஒரு மழையிலேயே மேல்பக்கம் மண் சேர்வதைப் பார்ப்பீர்கள். இலையும் புல்லும் மக்குக் குவியலுக்கு. ஒரு முழ உயரத்துக்கு ஒரு முறை சாணக் கரைசல் தெளித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சமவெளியில் மூன்று மாதத்தில் மக்குவது 6,000 அடி உயரத்தில் ஆறு மாதம் கேட்கும். விதை பிடித்த தலைகளும் கிக்கியு தண்டும் குவியலுக்குள் போகக் கூடாது. நம் குவியல் விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை.

சீகைக் கன்றுகளை மழை பெய்த மறுநாள் பிடுங்குங்கள். முழங்கால் உயரம் வரை கையோடு வரும். பெரிய மரத்துக்கு அனுமதி வாங்கிய பிறகுதான் பேச்சு.

*

புதர் வெட்ட வந்த இரண்டு பேருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கடும் காய்ச்சல். காற்று கறுப்பு என்கிறார்கள். புதரில் ஏதாவது இருக்குமா?
– வாசகி, குன்னூர்

இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிப்பூச்சியின் குஞ்சு. புதரும் புல்லும் சேரும் இடத்தில், எலி நடமாடும் இடத்தில் இருக்கும். அது கடித்தால் வருவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் தலைவலி, உடல்வலியோடு காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது, அதனால் தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா இறுகும் இடம், முழங்காலின் பின்புறம் என்று மறைவாகவே இருக்கும். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வருவதும் இல்லை.

உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். போனதும் ‘புதர் வெட்டினோம்’ என்று டாக்டரிடம் அவர்கள் தாமே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் சந்தேகம் சரியான பக்கம் போகும். காலத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும். நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இங்கே ஆபத்து, பலவும் இதற்கு வேலை செய்யாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

இனி வேலைக்கு இறங்கும்போது முழுக்கைச் சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி கம்பூட். வெட்டிய புதரின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது, சட்டையைக் கழற்றிப் புல்லில் போடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் தேய்த்துக் குளித்து, துணியையும் வெந்நீரில் ஊறப் போடுங்கள்.

*

வாங்கிய 20 சென்ட்டில் பாதி பழைய தேயிலை. பன்னிரண்டடி மரமாகிவிட்டது. பிடுங்கிவிட்டுக் காய்கறி போடலாமா, தேயிலையையே சரி செய்யலாமா?
– வாசகர், எடப்பள்ளி

செடி எண்ணிப் பாருங்கள். வரிசையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் காலி இடம் இல்லை என்றால் தேயிலையை விடாதீர்கள். பல பத்தாண்டு வேர் அந்தச் சரிவைக் கட்டி வைத்திருக்கிறது. பிடுங்கினால் மண் சரிவது ஒரு கவலை. அறுந்து நிற்கும் வேர்களில் பூசணம் பிடித்துப் பக்கத்துச் செடிக்குப் பரவுவது இன்னொன்று. தேயிலை நின்ற மண்ணின் புளிப்பில் காய்கறி உடனே தேறாது என்பது மூன்றாவது.

மரமான செடிக்குக் கடுங்கவாத்து. தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் வெட்டுவது. காலம் சித்திரை, வைகாசி, இல்லாவிட்டால் ஆவணி, புரட்டாசி. தை, மாசி வறட்சியிலும் உறைபனியிலும் வெட்டிய செடி அப்படியே பட்டுப்போகும். வெட்டும் முன் ஒரு சோதனை உண்டு. நாலைந்து செடியிலிருந்து பென்சில் பருமனுள்ள வேரை எடுத்து, குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தில் அயோடின் கரைசலைத் தொட்டு வையுங்கள். கருநீலமானால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே இருந்தால் செடி பட்டினி கிடக்கிறது. களையை எடுத்து, உரமிட்டு அடுத்த பருவம்வரை காத்திருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் ‘கவாத்து எடுத்தேன், கால்வாசிச் செடி போச்சு’ என்கிறார்கள்.

மெல்லிய கிளைக்குக் கவாத்துக் கத்தி, மணிக்கட்டை விடத் தடித்ததற்கு ரம்பம். தடித்த கிளையைக் கத்தியால் கொத்தினால் அடிவரை பிளக்கும், பிளவில் தண்ணீர் நின்று அழுகும். வெட்டுமுகம் சரிவாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். அன்றைக்கே போர்டோ பசை பூசுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில், இரண்டையும் தனித்தனியே கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலப்பது. இரும்புப் பாத்திரம் ஆகாது. அடிமரத்துப் பாசியைச் சணல் சாக்கால் தேய்த்து எடுங்கள். கழித்த குச்சிகளை வெளியே கொண்டுபோகாமல் வெட்டிய செடியின் மேலேயே பரப்புங்கள், திடீரென்று வெயில் பட்டால் பட்டை வெந்துவிடும். பக்கத்தில் சில்வர் ஓக் நிழல் இருந்தால் நல்லது. காலி இடங்களில் கன்று வைப்பது துளிர் வந்த பிறகு. மேற்கொண்டு சந்தேகத்துக்குக் குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் மையத்தில் கேட்கலாம்.

*

மண் பரிசோதனையில் பி.எச். 4.8 என்று வந்தது. சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். எவ்வளவு, எப்போது?
– வாசகர், உதகை

மலை மண்ணுக்கு 4.8 அதிசயம் இல்லை. மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. இந்தப் புளிப்பில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீங்கள் போடும் சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பகுதி செடிக்குக் கிடைக்காது. காய்கறிக்கு 5.5-க்கு மேல் வந்தால் போதும், 6 வந்தால் மகிழ்ச்சி. ஏழுக்கு இழுக்க வேண்டாம்.

பரிசோதனை அட்டையில் சுண்ணாம்பு அளவு குறித்திருந்தால் அதுவே கணக்கு. இல்லாவிட்டால் முதல் வருஷம் சென்ட்டுக்கு 10 கிலோ டோலமைட், அதாவது ஏக்கருக்கு ஒரு டன். அடுத்த வருஷம் மறுபடி சோதித்துவிட்டு மீதி. டோலமைட்டில் மெக்னீசியமும் இருப்பதால் இந்த மண்ணுக்கு அது மேல். சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், கையையும் சுடும், மண்புழுவையும் சுடும். மாவாக அரைத்ததா என்று பார்த்து வாங்குங்கள். குருணையாக இருந்தால் இரண்டு வருஷத்துக்குக் கிடந்த இடத்திலேயே கிடக்கும். காற்றில்லாத காலையில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு தூவி, அரையடி ஆழத்துக்குக் கலக்கி, விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். தொழுஉரத்தோடு சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இரண்டு வாரம் கழித்துச் சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுஉரம். மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட் வாங்கலாம், அது கரைவதே புளிப்பு மண்ணில்தான். கோடாகப் போடாமல் வீசித் தூவி மண்ணோடு கலக்குங்கள்.

மண் எடுத்த விதம் சரியா என்பதையும் பாருங்கள். குப்பைமேடு, எரித்த இடம், மரத்தடி தவிர்த்துப் பத்துப் பன்னிரண்டு இடத்தில், ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து அரையடிவரை ஒரே தடிமனில் சுரண்டியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ கொடுத்திருந்தால்தான் அந்த 4.8 உங்கள் நிலத்தின் கணக்கு.

*

பக்கத்துக் காட்டில் எல்லோரும் பாத்தியை மேலிருந்து கீழாகத்தான் போடுகிறார்கள். நாங்கள் குறுக்கே போட்டால் தண்ணீர் நின்று அழுகும் என்கிறார்கள்.
– வாசகி, பூம்பாறை

அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். தொடர்மழையில் குறுக்குப் பாத்தி குளமானால் பூண்டும் கேரட்டும் அழுகும். ஆனால் மேலிருந்து கீழே ஓடும் பாத்தியில் உரமும் மண்ணும் ஒவ்வொரு மழைக்கும் இறங்கிப் போகிறது. வருஷாவருஷம் லாரி லாரியாக உரம் இறக்க வேண்டியிருப்பது அதனால்தான். நடுவழி இது: பாத்தி குறுக்கே, ஆனால் பத்தடிக்கு ஓரிரு அங்குலம் ஒரு பக்கமாகத் தாழ்வு. அந்தப் பக்கம் புல் வளர்ந்த வாய்க்கால், அதில் பத்தடிக்கு ஒரு கல் தடுப்பு. புல்லைச் செதுக்கி ‘சுத்தம்’ செய்யாதீர்கள்.

மட்டம் பார்க்க இயந்திரம் வேண்டாம். ஏழடிக் குச்சி இரண்டை ‘ஏ’ எழுத்துப்போல் உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக்குச்சி வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரு காலும் நிற்கும் இடத்தைக் குறித்து, கயிறு குறுக்குக்குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. காலை மாற்றி அதே இடத்தில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் மட்டம். அதை வைத்துக் காலடி காலடியாக நடந்து முளை அடித்தால் சமமட்டக் கோடு கிடைக்கும்.

*

திறந்த புது மண்ணில் முதல் பயிராக உருளைக்கிழங்கு போட்டால் மண் தானாகப் பொலபொலக்கும் என்று படித்தேன். சரியா?
– வாசகர், கேத்தி

வேறு ஊருக்குச் சரி. உங்களுக்கு இல்லை. நீலகிரியில் 1961-இல் கண்டுபிடித்த உருளை முட்டைக்கூடு நூற்புழு இன்னும் இங்கே இருக்கிறது. பழைய உருளைக் காடாக இருந்திருந்தால் மண்ணில் கூடுகள் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. தனக்கு உணவாகும் பயிர் வரும்வரை பல ஆண்டுகள் காத்திருக்கும். செடி திட்டுத் திட்டாகக் குன்றி, நண்பகலில் வாடினால் வேரை மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். கடுகை விடச் சிறிய வெள்ளை, பொன்னிற மணிகள் வேரில் ஒட்டியிருக்கும். தக்காளி, கத்தரியும் அதற்கு உணவு. உருளை போட்டே தீருவேன் என்றால் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை, குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா போன்ற எதிர்ப்புள்ள ரகம். விதை பற்றி முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். மார்க்கெட் கிழங்கை நறுக்கி நடாதீர்கள். பக்கத்துக் காட்டு மண்வெட்டியை இரவல் வாங்கினால் கழுவிவிட்டு இறக்குங்கள்.

முதல் போகத்துக்கு பீன்ஸ், பட்டாணி, முள்ளங்கி. குத்துப் பீன்ஸ் 30 செ.மீ.க்கு 15 செ.மீ., சென்ட்டுக்கு 350 கிராம் விதை. பட்டாணி 45-க்கு 10. கேரட் வேண்டாம்; வேர்த்துண்டும் கல்லும் உள்ள மண்ணில் கவட்டை விழும், பச்சைச் சாணம் போட்டாலும் அதேதான். திறந்தும் விதைக்க முடியாமல் மிஞ்சும் இடத்தில் லூபின் விதைத்து, பூக்கும்போது மடக்கி மண்ணுக்குள் போடுங்கள். ஓரமாக ஒரு பந்தல் போட்டு, முளைவிட்ட சௌசௌ காயை முழுசாக, முக்கால் பங்கு புதையும்படி படுக்க வைத்தால் அது பாட்டுக்குக் காய்க்கும்.

புல் கிடந்த மண்ணில் இன்னொரு தொல்லை வெட்டுப்புழு. காலையில் போனால் நாற்று தரையோடு அறுந்து கிடக்கும். அறுந்த செடியைச் சுற்றி விரலால் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். கிளறிய மண்ணை நடவுக்கு முன் மூன்று வாரம் திறந்து போட்டுக் கோழியை விடுங்கள். நட்ட பிறகு இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் வழி.

*

பிரஷ் கட்டர் வாங்கலாமா?
– வாசகர், குஞ்சப்பனை

ஐந்தாறு சென்ட்டுக்கு வாடகை போதும். புல்லுக்கு நைலான் கயிறு, புதருக்கு மூன்று முனைத் தகடு. கயிறு உண்ணித் தண்டில் சுற்றிக்கொள்ளும், தகடு மறைந்த கல்லில் பட்டால் தெறிக்கும். அதனால் முதலில் கத்தியால் கல் பார்த்துவிட்டு இயந்திரம். முகமூடி கட்டாயம், 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் என்றால் கையேட்டில் சொன்ன விகிதத்தில் ஆயில். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. வெறும் பெட்ரோல் ஊற்றினால் அன்றைக்கே பிஸ்டன் பிடித்துவிடும்.

*

காபித் தோட்டம் பத்து வருஷம் காடாகிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதுசாக வைக்கலாமா?
– வாசகர், தாண்டிக்குடி

நிழல் மரத்தை எடுத்தால் காபி போச்சு, மிளகும் போச்சு. கீழ்ப்புதரை மட்டும் எடுங்கள். அறுவடை முடிந்து பூ மழைக்கு முன், மாசி வாக்கில், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகச் செடியைத் தரையிலிருந்து ஓரடியில் சரிவாக வெட்டுங்கள். வரும் துளிர்களில் ஒன்றிரண்டு நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். மறு வரிசை அடுத்த ஆண்டு. அராபிகா என்றால் வெட்டும் முன் தண்டைத் தடவிப் பாருங்கள், பட்டைக்கு அடியில் வரி வரியாக மேடு தட்டினால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அந்தச் செடியைச் சித்திரையில் வண்டு வெளியேறும் முன் வேரோடு எடுத்து அடுப்பில் போடுங்கள்.

*

காட்டோரம் நிலம். புதருக்குள் கரடி இருக்குமோ என்று ஆட்கள் வரப் பயப்படுகிறார்கள். வேலி எப்படிப் போடுவது?
– வாசகி, கீழ் கோத்தகிரி

பயம் நியாயமானது. உண்ணிப் பழம் கரடிக்குப் பிடிக்கும், அடர்ந்த புதரில் சிறுத்தை பகலில் படுத்திருக்கும். விடிந்து வெயில் ஏறிய பிறகு இறங்கி, மாலை நாலு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். இறங்கும் முன் தகரத்தைத் தட்டி, சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். வீட்டுப் பக்கத்திலிருந்து காட்டுப் பக்கமாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு பக்கமும் சுற்றி வெட்டினால் உள்ளே இருப்பதற்குப் போக வழியில்லாமல் ஆள் மேல்தான் வரும். குட்டி தெரிந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது குற்றம், உயிர் போகும். சோலார் வேலிக்கும் வனத்துறையில் பதிவு வேண்டும். நாலடிக் கம்பி வேலியைக் காட்டெருமை பொருட்படுத்தாது. முள்ளம்பன்றி அடியில் தோண்டி வரும், ஆகையால் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடக்குங்கள். பீட்ரூட்டையும் உருளையையும் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.